அரசு கைவிட்டால் எங்கே போவது?

(திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலையில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"பிராந்திய மனித உரிமை ஒப்பந்தங்கள் என்று நோட்டீஸில் போட்டால் யார் ஐயா வருவார்கள்?" என்று இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த தம்பி கேட்டார். கவலை நியாயமானதுதான். பௌர்ணமியன்று வைத்திருந்தால் கிரிவலக் கூட்டத்தில் நீங்கள் யாரும் இந்தத் தெருவுக்குள் நுழைந்திருக்கவே முடியாது. நல்லவேளை, தேய்பிறையில் வைத்தார்கள். தலைப்புதான் கரடுமுரடு, விஷயம் எளிது. ஒருவனை அவன் நாட்டுப் போலீஸ் அடிக்கிறது. கீழ்க் கோர்ட்டு கண்டுகொள்ளவில்லை. மேல் கோர்ட்டும் கைவிரித்துவிட்டது. அதற்கு மேல் அவன் எங்கே போவான்? இந்தக் கேள்விக்கு ஐரோப்பாவில் ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் ஒரு பதில் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் அரைகுறையாக ஒன்று இருக்கிறது. உலக மக்களில் பாதிக்கும் மேல் வாழ்கிற நம்முடைய ஆசியாவில் இல்லை. இல்லாததால் தமிழர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1950-ஆம் ஆண்டில், ஏழு மாத இடைவெளியில், இரண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. முதல் ஒப்பந்தம் ஏப்ரல் 8-ஆம் தேதி, தில்லியில். கையெழுத்திட்டவர்கள் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் லியாகத் அலி கானும். இரண்டு வங்காளங்களிலும் கலவரம் மூண்டு, லட்சக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு எல்லை தாண்டிக்கொண்டிருந்த நேரம். மத வேறுபாடு பார்க்காமல் சமமான குடியுரிமை, உயிருக்கும் உடைமைக்கும் பண்பாட்டுக்கும் மானத்துக்கும் பாதுகாப்பு, நடமாடவும் தொழில் செய்யவும் பேசவும் வழிபடவும் சுதந்திரம் என்று சிறுபான்மையினருக்கு இரு அரசுகளும் வாக்குக் கொடுத்தன. இன்று படித்தாலும் குறை சொல்ல முடியாத வாசகங்கள். இரண்டாவது ஒப்பந்தம் அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி ரோம் நகரில் கையெழுத்தானது. அதுதான் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தம். ஹிட்லரின் முகாம்களைப் பார்த்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த நாடுகள் கூடி எழுதியது.

தேதியைக் கவனியுங்கள். தில்லிதான் முந்தியது. "மனித உரிமை என்பது மேற்கத்தியச் சரக்கு, நமக்கு எதற்கு" என்று பேசுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1948-இல் ஐ.நா.வின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும்படி இருந்ததை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்றவைத்தவர் ஹன்சா மேத்தா என்கிற இந்தியப் பெண்மணி. சரக்கில் நம் கையும் இருக்கிறது.

ஆனால் எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து ரோம் ஒப்பந்தத்தின் பெயரில் தினமும் தீர்ப்பு வருகிறது. தில்லி ஒப்பந்தம் வரலாற்றுப் பாடத்தில் மட்டும் இருக்கிறது. காரணம் என்ன? தில்லி ஒப்பந்தத்தை மேற்பார்வை பார்க்க இரு அரசும் ஆளுக்கொரு அமைச்சரை அனுப்பின. கிழக்கு வங்காளம், மேற்கு வங்காளம், அஸ்ஸாம் மூன்றிலும் சிறுபான்மையினர் ஆணையம் போட்டார்கள். அதற்கும் ஒரு அமைச்சர்தான் தலைவர். ஆக, அரசு தவறு செய்தால் அரசிடமே சொல்ல வேண்டும். ஒப்பந்தம் பிடிக்காமல் நேருவின் மந்திரி சபையிலிருந்து சியாம பிரசாத் முகர்ஜியும் கே.சி. நியோகியும் ராஜினாமா செய்தார்கள். அவர்களுக்காவது ராஜினாமா என்று ஒரு வழி இருந்தது. டாக்காவில் வீடு எரிந்தவனுக்கும் ஹௌராவில் கடை எரிந்தவனுக்கும் மனுப் போட ஒரு இடம் இல்லை.

ரோம் ஒப்பந்தம் அந்த இடத்தைக் கட்டிக் கொடுத்தது. பாதிக்கப்பட்ட தனி மனிதன் தன் சொந்த அரசின் மேலேயே நாட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு மன்றத்தில் வழக்குப் போடலாம் என்றது. உரிமைகளின் பட்டியல் எந்த நாட்டு அரசியல் சட்டத்திலும் இருக்கும். ஸ்டாலினின் சோவியத் அரசியல் சட்டத்திலும் இருந்தது. ஒப்பந்தத்தின் உயிர் இந்த மனுவில் இருக்கிறது. நான் இன்று சொல்ல வந்ததே இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கான சாட்சியங்கள்.

இந்த உரிமையும் ஒரே நாளில் வரவில்லை. 1953-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது, 1959-இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நீதிமன்றம் அமைந்தது. ஆனால் தனி மனிதர் மனுவை ஏற்பதா வேண்டாமா என்பது அந்தந்த நாட்டின் விருப்பம் என்று விட்டிருந்தார்கள். ஒப்பந்தத்தை எழுதுவதில் பெரும்பங்கு எடுத்துக்கொண்ட பிரிட்டன் 1966 வரை ஏற்கவில்லை. பிரான்ஸ் 1981 வரை இழுத்தது. 1998 நவம்பரில்தான் எல்லா நாடுகளுக்கும் கட்டாயம் என்று ஆனது. ஏறக்குறைய ஐம்பது வருஷ இழுபறி.

பிரிட்டன் ஏன் தயங்கியது என்பதில் நமக்குச் சம்பந்தமுள்ள ஒரு கிளைக்கதை உண்டு. 1953-இல் பிரிட்டன் இந்த ஒப்பந்தத்தைத் தன் காலனிகளுக்கும் நீட்டியது. அதில் மலாயாவும் சிங்கப்பூரும் அடக்கம். அதாவது மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழனுக்கும், காகிதத்தில், ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தம் பொருந்தியது! அவனுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. தெரிந்திருந்தாலும் மனுப் போட வழியில்லை. அவசரநிலையைக் காட்டி மலாயாவில் ஒப்பந்தக் கடமைகளை ஓரளவு நிறுத்தியும் வைத்துவிட்டார்கள். 1957-இல் மலாயா சுதந்திரம் பெற்றது. அந்த ஒப்பந்தத்தின் கீழிருந்து தமிழன் அப்படித்தான் வெளியே வந்தான். உள்ளே இருந்ததும் தெரியாது, வெளியே வந்ததும் தெரியாது.

முப்பது ஆண்டுகள் கழித்து வேறு வழியாக உள்ளே போனான்.

1987-இல் இலங்கையிலிருந்து ஐந்து தமிழ் இளைஞர்கள் பிரிட்டனில் தஞ்சம் கேட்டார்கள். வழக்கு அந்நாட்டின் உச்சபட்ச மன்றமான பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது. 1988 பிப்ரவரியில் அவர்களைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பியவர்களில் சிலர் மறுபடி பிடிபட்டார்கள், அடிபட்டார்கள். 1989-இல் பிரிட்டனின் குடிவரவு மேல்முறையீட்டு அதிகாரியே, அவர்களைத் திருப்பி அனுப்பியது தவறு என்று சொல்ல, ஐந்து பேரும் மீண்டும் லண்டன் வந்தார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் வில்வராஜா வழக்கு என்ற பெயரில் இது விசாரணைக்கு வந்தது. 1991 அக்டோபர் 30-ஆம் தேதி தீர்ப்பு. எட்டு நீதிபதிகள் பிரிட்டன் பக்கம், ஒருவர் மட்டும் எதிர்ப்பு. அந்த ஐவரின் நிலை மற்றத் தமிழர்களின் நிலையைவிட மோசமானது என்று காட்டவில்லை, சித்திரவதை நடக்கக்கூடும் என்ற வெறும் சாத்தியம் போதாது என்றார்கள்.

இந்தத் தீர்ப்பை நான் பல முறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எரிச்சல்தான் வருகிறது. ஊரே எரியும்போது, உன் வீடு மட்டும் தனியாக எரிகிறது என்று நிரூபி என்று கேட்பது என்ன நியாயம்? ஸ்ட்ராஸ்பர்க்கைக் கோயிலாக்கிக் கும்பிட வேண்டாம் என்பதற்காகத்தான் தோற்ற வழக்கை முதலில் சொன்னேன்.

ஆனால் வழக்கு மன்றத்தில் தோல்வியும் பதிவாகும். அடுத்தவன் அதன்மேல் காலை வைத்து ஏறுவான். 2008 ஜூலை 17-ஆம் தேதி அதே நீதிமன்றம் இன்னொரு இலங்கைத் தமிழரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அவர் பெயரை வெளியிடவில்லை, இரண்டு எழுத்துகளால் மட்டுமே குறித்தார்கள். 1999-இல் லண்டன் வந்தவர். அதற்கு முன் 1990-க்கும் 1997-க்கும் இடையில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற சந்தேகத்தில் இலங்கை ராணுவம் அவரை ஆறு முறை பிடித்துப் போயிருந்தது. ஒவ்வொரு முறையும் வழக்கு எதுவுமின்றி விட்டுவிட்டார்கள். தடியால் அடித்த தழும்புகள் காலில் இருந்தன. புகைப்படம் எடுத்திருந்தார்கள், கைரேகை வாங்கியிருந்தார்கள். கடைசி முறை வெளியே எடுக்க அவருடைய அப்பா ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒவ்வொன்றையும் தனியே எடுத்துத் தள்ளினார்கள். தழும்பா, அது மட்டும் போதாது. கைரேகையா, அது பழையது. ஸ்ட்ராஸ்பர்க் அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துப் பார்த்தது. போர் மறுபடி மூண்டிருக்கிறது. லண்டனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர் கொழும்பு விமான நிலையத்தில் இறங்குகிறார். அங்கே அதிகாரி பதிவேட்டைத் தட்டுகிறார். ஆறு கைது, கைரேகை, அப்பாவின் கையெழுத்து எல்லாம் வருகின்றன. சட்டையைக் கழற்று, காலைக் காட்டு என்கிறார். இவரை அனுப்பினால் ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு, அதாவது சித்திரவதைத் தடை, மீறப்படும் என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்தப் பிரிவுக்குப் போர்க்காலத்தில்கூட விலக்குக் கிடையாது. தீர்ப்பு வருவதற்கு முன்பே, அவரைப் போலத் திருப்பி அனுப்பப்பட இருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களின் பயணத்தை நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு நிறுத்தி வைத்திருந்தது. 2008-க்கும் போர் முடிந்த 2009 மே மாதத்துக்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்று 46 நாடுகள் அந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன. உக்ரைன் மீது படையெடுத்த ரஷ்யாவை 2022-இல் வெளியேற்றினார்கள். கிரீஸில் 1967-இல் ராணுவத் தளபதிகள் ஆட்சியைப் பிடித்தபோது டென்மார்க், நார்வே, ஸ்வீடன், நெதர்லாந்து நான்கும் சேர்ந்து வழக்குப் போட்டன; விரட்டப்படும் முன்பே கிரீஸ் தானே எழுந்து போய், ஜனநாயகம் திரும்பியதும் 1974-இல் மறுபடி வந்து உட்கார்ந்தது. பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கிறான் என்ற கூச்சம் அரசுகளுக்கும் உண்டு. உலகத்தார் பார்க்கிறார்கள் என்பதைவிடப் பக்கத்து வீட்டுக்காரன் பார்ப்பது கூடுதலாக உறைக்கும்.

அடுத்து அமெரிக்கக் கண்டம். 1969-இல் கோஸ்டா ரிகாவின் சான் ஹோசே நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் 1978-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் அதே நகரில் அமைந்த நீதிமன்றத்தின் முதல் பெரிய தீர்ப்பு, ஈழத் தாய்மார்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஹோண்டுராஸ் நாட்டில் மன்ஃப்ரெடோ வெலாஸ்கஸ் என்ற மாணவரை 1981 செப்டம்பரில் பட்டப்பகலில் தூக்கிப் போனார்கள். பிறகு ஆளே இல்லை. அரசு "எங்களுக்குத் தெரியாது" என்றது. உடல் இல்லை, ஆவணம் இல்லை. நீதிமன்றம் சொன்னது: காணாமல் ஆக்குவதே தடயத்தை அழிப்பதற்காகத்தான், அப்படியிருக்கத் தடயம் கொண்டு வா என்று குடும்பத்திடம் கேட்க முடியாது. நாட்டில் இப்படி ஆட்களைத் தூக்குவது வழக்கமாக நடந்திருக்கிறது, இவருக்கும் அதுவே நடந்தது, அரசு விசாரிக்கவில்லை; விசாரிக்காததே குற்றம். தீர்ப்பு வந்த நாள் 1988 ஜூலை 29. அதற்குச் சரியாக ஓராண்டு முன்புதான், 1987 ஜூலை 29 அன்று, கொழும்பில் ராஜீவும் ஜெயவர்த்தனவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தற்செயல்தான். ஆனால் வன்னியில் பிள்ளையின் புகைப்படத்தோடு 2017 பிப்ரவரி முதல் தெருவோரப் பந்தலில் உட்கார்ந்த தாய்மார்களை நினைக்கும்போது, இந்த இரண்டு தேதிகளும் என் மனத்தில் சேர்ந்தே வருகின்றன. ஹோண்டுராஸ் தாய்க்கு சான் ஹோசே இருந்தது. கிளிநொச்சித் தாய்க்கு எந்த ஊர்?

ஆப்பிரிக்காவைப் பற்றிச் சுருக்கமாக. 1981-இல் நைரோபியில் ஏற்ற மனித உரிமைச் சாசனம் அங்கே இருக்கிறது. தனி மனித உரிமையோடு மக்கள் கூட்டத்தின் உரிமையையும் சேர்த்தது அதன் சிறப்பு. கென்யாவின் மாவ் காட்டிலிருந்து விரட்டப்பட்ட ஓகியெக் பழங்குடிகளுக்கு ஆதரவாக 2017-இல் ஆப்பிரிக்க நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் தனி ஆள் நேராக வழக்குப் போடவேண்டுமானால் அவர் நாடு அதற்குத் தனியாக ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தது சில நாடுகள்தான். அதிலும் ருவாண்டா, தான்சானியா, பெனின், ஐவரி கோஸ்ட் தீர்ப்புகள் சுட்டதும் கையை உதறிக்கொண்டன. அந்த நீதிமன்றம் உட்கார்ந்திருப்பதே தான்சானியாவின் அருஷா நகரில்!

இனி நம் பக்கம் வருவோம். தென்கிழக்கு ஆசியாவின் பத்து நாடுகள் 2012 நவம்பரில் புனோம் பென்னில் ஒரு மனித உரிமைப் பிரகடனம் வெளியிட்டன. பிரகடனம், அவ்வளவுதான், நீதிமன்றம் கிடையாது. உயிர்வாழும் உரிமைப் பிரிவிலேயே சட்டப்படி பறிக்கலாம் என்று ஒரு வால் சேர்த்திருக்கிறார்கள். அந்த வால் யாரை அடித்தது? மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கத்தை. 2009-இல் தொடையில் கட்டிய 42.72 கிராம் ஹெராயினோடு சிங்கப்பூர் எல்லையில் பிடிபட்டவர். அவருடைய நுண்ணறிவு எண் 69 என்று மருத்துவ வல்லுநர் சொல்லியிருந்தார். 2022 ஏப்ரல் 26-ஆம் தேதி அவருடைய அம்மா போட்ட கடைசி மனு தள்ளுபடி ஆனது. மறுநாள் விடியற்காலையில் தூக்கு. மனுப்போட அதற்கு மேல் இடமில்லை. 1989-இல் ஸ்ட்ராஸ்பர்க், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு ஜெர்மானிய இளைஞரை அமெரிக்காவில் மரண தண்டனைக்காகக் காத்துக் கிடக்கும் நிலைக்கு அனுப்புவதே இழிவுபடுத்தும் நடத்தை என்று சொல்லி பிரிட்டனைத் தடுத்தது. மரண தண்டனை கூடாது என்ற உறுதிமொழி வாங்கிக்கொண்டுதான் பிறகு அனுப்பினார்கள். இரண்டு இளைஞர்களுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம், எந்தக் கண்டத்தில் பிடிபட்டார்கள் என்பதுதான்.

தெற்காசியாவில் பிரகடனம்கூட இல்லை. 1985 டிசம்பரில் டாக்காவில் சார்க் பிறந்தது. அதன் சாசனத்திலேயே, முடிவுகள் ஒருமனதாக இருக்க வேண்டும், இரு நாடுகளுக்கு இடையிலான சச்சரவு விஷயங்களைப் பேசக்கூடாது என்று எழுதிவிட்டார்கள். மனித உரிமையைப் பேசினால் சச்சரவு வராமல் இருக்குமா? பயங்கரவாதத்தை ஒடுக்க 1987-இலேயே உடன்படிக்கை போட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் கடத்துவதற்கு எதிரான உடன்படிக்கைக்கு 2002 ஆகிவிட்டது. சித்திரவதை, காணாமல் ஆக்குதல், அகதி, எதற்கும் ஒன்றும் இல்லை. 2014 காட்மாண்டுக்குப் பிறகு சார்க் உச்சி மாநாடே கூடவில்லை.

இந்தப் பகுதியில் மனிதர்களைப் பற்றி அரசுகள் போட்ட ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்பதற்கு 1964 அக்டோபர் 30-ஐப் பார்க்க வேண்டும். லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் தில்லியில் உட்கார்ந்து, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த 9,75,000 நாடற்ற தமிழர்களைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேரை என்ன செய்வது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974-இல் இந்திரா காந்தி வந்து ஆளுக்குப் பாதி என்று முடித்தார். தலைமுறை தலைமுறையாக அந்த மலைகளில் கொழுந்து பறித்த சனங்களில் ஒருவரிடமும் "உனக்கு எங்கே இருக்க விருப்பம்?" என்று கேட்டுப் போட்ட கணக்கு இல்லை இது. மனித உரிமை ஒப்பந்தத்தில் மனிதன் வழக்காளி. இந்த ஒப்பந்தத்தில் அவன் எண்ணிக்கை.

ஐ.நா. இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதன் கதி என்ன என்பதற்கு சிங்கராசா வழக்கு. மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழர் நல்லரத்தினம் சிங்கராசா 1993-இல் கைதானார். அவருக்கு எதிராக இருந்த ஒரே சாட்சியம் ஒரு வாக்குமூலம். அது எழுதியிருந்தது சிங்களத்தில். அவருக்கோ சிங்களம் தெரியாது. அடியில் பெருவிரல் ரேகை. அடித்து வாங்கினார்கள் என்றார் அவர். அதை நீயே நிரூபி என்றது பயங்கரவாதத் தடைச் சட்டம். 1995-இல் ஐம்பது ஆண்டு சிறை. மேல்முறையீட்டில் முப்பத்தைந்தாகக் குறைந்தது. அவர் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார். இலங்கை 1997-இல் அந்த மனு உரிமையை ஏற்றிருந்தது. 2004-இல் குழு, இது நியாயமான விசாரணை இல்லை, நிவாரணம் கொடுங்கள் என்றது. அதை வைத்துக்கொண்டு கொழும்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனால், 2006 செப்டம்பரில் அந்த நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? 1997-இல் ஜனாதிபதி அந்த மனு உரிமையை ஏற்றதே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. மனு எடுத்துக்கொண்டு போனவரை உள்ளேயே வைத்து, அவர் போன வழியை அடைத்தார்கள்.

இந்தியா அந்த வழியைத் திறக்கவே இல்லை. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் 1979-இல் சேர்ந்தோம். தனி மனிதர் மனுப் போடும் நெறிமுறையில் சேரவில்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997 அக்டோபர் 14-இல் கையெழுத்துப் போட்டோம். இன்றுவரை அதை உறுதி செய்யவில்லை. 2010-இல் மக்களவையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவைக்குப் போய்க் காலாவதி ஆனது. 2017-இல் சட்ட ஆணையம் தன் 273-ஆவது அறிக்கையில் உறுதி செய்யுங்கள் என்று பரிந்துரைத்தது. மூன்று வருஷம் கழித்து சாத்தான்குளம் காவல் மரணங்கள்.

"நமக்குத்தான் உச்ச நீதிமன்றம் இருக்கிறதே, அரசியல் சட்டத்தின் 32-ஆம் பிரிவு இருக்கிறதே" என்று சட்டம் படித்த நண்பர்கள் சொல்வார்கள். இருக்கிறது. அதன் பெருமையை நானும் மேடைகளில் பேசியிருக்கிறேன். அகதி என்றாலும் அவனுக்கும் உயிர்வாழும் உரிமை உண்டு என்று 1996-இல் சக்மா மக்கள் வழக்கில் சொன்னது அதே நீதிமன்றம். ஆனால் 1976 ஏப்ரல் 28-ஆம் தேதி, அவசரநிலைக் காலத்தில், அரசு ஒருவனைக் காரணமில்லாமல் பிடித்து வைத்தாலும் கோர்ட்டுக்கு வர முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார், தலைமை நீதிபதி ஆகும் வாய்ப்பையும் இழந்தார். அந்தத் தீர்ப்பைத் தவறு என்று முறைப்படி சொல்ல 2017 ஆயிற்று. 1976 பிப்ரவரியில் சென்னை மத்திய சிறையில் மிசா தடுப்புக்காவல் சட்டக் கைதிகளுக்கு விழுந்த அடி இங்கே வயதானவர்களுக்கு நினைவிருக்கும். அடிபட்டவர்களில் ஒருவரான சிட்டிபாபு செத்தே போனார். நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது பின்னால், ஆட்சி மாறிய பிறகு. அடி விழுகிற காலத்தில் போவதற்கு ஒரு இடம் வேண்டும் என்பதுதான் என் வாதம்.

மாநில மனித உரிமை ஆணையம் உண்டு, 1997 முதல் இயங்குகிறது. அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னது நல்ல காரியம். ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் விசாரிக்கக் கூடாது என்கிறது 1993-ஆம் ஆண்டுச் சட்டம். போலீஸுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடின இருளர் குடும்பம் ஓராண்டுக்குள் திரும்பி வந்து மனு எழுதுமா?

கடைசியாக, இந்த மண்ணுக்கு வருகிறேன். நம் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021-இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று தமிழக அரசு பெயர் மாற்றியது. வீடுகளும் கட்டிக் கொடுத்தது, பாராட்ட வேண்டும். ஆனால் செக்கிங் நாளில் ஆள் நேரில் நிற்காவிட்டால் உதவித்தொகை நிற்கும் என்பது அங்கே பிறந்த பிள்ளைக்கும் தெரியும். இந்தியாவில் அகதிகளுக்கென்று சட்டம் இல்லை. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் நாம் சேரவில்லை. 2003-இல் திருத்திய குடியுரிமைச் சட்டப்படி, பாஸ்போர்ட் இல்லாமல் படகேறி வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. 2019-இல் மூன்று நாடுகளின் முஸ்லிம் அல்லாத அகதிகளுக்குக் குடியுரிமை வழி திறந்த திருத்தத்தில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு விலக்கு ஆணை போட்டது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்மேல் பாஸ்போர்ட் இல்லாததற்காக நடவடிக்கை இல்லை. நிம்மதிதான். குடியுரிமை இல்லை.

முகாம்களில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர், அந்த 1964 பங்கீட்டில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட மலையகக் குடும்பங்களின் வாரிசுகள். தில்லி கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்ட ஆட்கள். கலவரத்தில் கப்பல் நின்றுபோனதால் படகில் வந்ததே அவர்கள் குற்றம். 2019 ஜூனில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இவர்களின் வழக்கில், சட்டத்தின் கடுமையைத் தளர்த்த அரசுக்கு அதிகாரம் உண்டு, பரிசீலியுங்கள் என்றார். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு இலங்கைத் தமிழர் நாடுகடத்தலைத் தடுக்கக் கேட்டபோது, உலகத்து அகதிகளையெல்லாம் வைத்துக்கொள்ள இந்தியா தர்மசாலை அல்ல என்று நீதிபதி வாய்மொழியாகச் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கச் சத்திரமும் அன்னதானக் கூடமுமாக இருக்கிற ஊரில் வசிப்பவர்களுக்கு அந்த வார்த்தை எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு வலித்தது. அந்த மனிதர் தண்டனை முடிந்தும் மூன்று ஆண்டுகளாக முகாமில் அடைபட்டிருந்தவர். அவருக்கு அதற்கு மேல் போக இடமில்லை. லண்டனில் இருந்திருந்தால் இருந்திருக்கும்.

தெற்காசிய மனித உரிமை நீதிமன்றம் நாளையே வராது. தில்லியும் இஸ்லாமாபாத்தும் ஒரே மேஜையில் உட்காரவே நாளாகும். ஆனால் ஆசியாவே ஒன்று சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் மூன்று இருக்கின்றன; மூன்றும் தில்லி தனியாகவே செய்யக்கூடியவை. 1997-இல் கையெழுத்திட்ட சித்திரவதைத் தடை உடன்படிக்கையை உறுதி செய்ய வேண்டும். ஐ.நா. குழுவுக்குத் தனி மனிதர் மனுப் போடும் நெறிமுறையில் சேர வேண்டும். அகதிகளுக்கு ஒரு சட்டம் வேண்டும். திருவண்ணாமலைக்கும் ஆரணிக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தண்ணீர், சாலை, ரயில் கேட்டுக் கடிதம் எழுதுகிறோம் அல்லவா? அடுத்த கடிதத்தில் இந்த மூன்றையும் சேர்த்து எழுதுங்கள், பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள்.